கண்ணாடியும் தலைப்பாகையும்: ஒடுக்கப்பட்ட இளைஞர்க்கு மெய்யியல் கற்பித்தல்

முன்னுரை

'நான் யார்?' என்பது மெய்யியலின் தலையாய வினா என்பர். துறவியரும் சித்தரும் ஞானியரும் இவ்வினாவை எழுப்பி, விடை தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். ஆயின் பிறப்பின் பெயரால் தாழ்த்தப்பட்ட ஓர் இளைஞன் இவ்வினாவைத் தன்னை நோக்கிக் கேட்பதற்கு முன்பே, 'நீ யார்? எந்தத் தெரு? யார் மகன்?' என்று ஊர் அவனைக் கேட்டுவிடுகிறது; விடையையும் தானே எழுதி அவன் நெற்றியில் ஒட்டிவிடுகிறது. எனவே அவனுக்கு மெய்யியல் என்பது ஓய்வு நேரத்துச் சிந்தனையன்று. பிறர் எழுதிய விடையை அழித்துத் தன் விடையைத் தானே எழுதிக்கொள்ளும் முயற்சியே அவனுக்கு மெய்யியலாகும்.

அமெரிக்க நாட்டில் கறுப்பின இளைஞர்களுக்கு மெய்யியலைக் கற்பித்து, அதன்வழி இனம், அடையாளம் ஆகியவற்றைத் தாமே ஆராயச் செய்யும் முயற்சிகள் நடந்துள்ளன. அத்தகைய முயற்சி நம் மண்ணுக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நாஞ்சில் நாட்டில் அது நிகழ்ந்துள்ளது. அதன் தன்மையை விளக்கி, இன்றைய வகுப்பறைக்கு அது தரும் பாடம் யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பால் வரையப்பட்ட எல்லை

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணையும் வரை திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தின் பகுதியாகவும், அதற்கு முன்னர் திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழும் இருந்தது. அவ்வாட்சியில் ஒருவன் எந்த உடையை எவ்வாறு உடுத்தலாம், எவ்வளவு உயரத்தில் வீடு கட்டலாம், குடை பிடிக்கலாமா, செருப்பு அணியலாமா, பெண் குடத்தை இடுப்பில் சுமக்கலாமா, தலையில்தான் சுமக்க வேண்டுமா என்பன யாவும் பிறப்பாலேயே வரையறுக்கப்பட்டிருந்தன. பனையேறி வாழ்ந்தோர் மீது தலைவரி உள்ளிட்ட பல வரிகள் சுமத்தப்பட்டன. கூலியில்லா ஊழியம் கட்டாயமாக வாங்கப்பட்டது. புலையர் முதலியோர் நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் அடிமைகளாக இருந்தனர். அடிமை முறையை நீக்கும் ஆணை 1855ஆம் ஆண்டில்தான் பிறந்தது.

பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் 1822ஆம் ஆண்டில் கல்குளம் பகுதியில் வெடித்து, அலையலையாக எழுந்து, 1859 வரை நீண்டது. அவ்வாண்டு சூலைத் திங்களில் வெளியான அரசாணை நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கலாம் என இசைந்தது. ஆயினும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்றும் விதித்தது. உரிமை வழங்கும் கையே வேறுபாட்டையும் காத்துக்கொண்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இத்தகைய சூழலில் இழிவு என்பது வெளியே இருக்கும் சட்டம் மட்டுமன்று. நாள்தோறும் குனிந்து நடப்பவனின் முதுகெலும்பு அக்குனிவையே தன் இயல்பெனக் கொள்ளத் தொடங்கும். 'நம் பிறப்பு இத்தகையது' என்று தாய் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பாள். சட்டத்தை ஆணையால் மாற்றலாம். இந்த உள்ளத்து நம்பிக்கையை மாற்றக் கல்வி வேண்டும். அதுவும் எழுத்தறிவை மட்டும் தருவதாக நில்லாமல், 'இது ஏன் இவ்வாறு உள்ளது?' எனக் கேட்கப் பழக்கும் கல்வியாக அமைதல் வேண்டும்.

முடிசூடும் பெருமாள்

1809ஆம் ஆண்டு, இன்று சாமித்தோப்பு எனப்படும் ஊரில், பொன்னு நாடார், வெயிலாள் ஆகியோருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்ந்தவர் எனப்பட்ட குலத்துப் பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயர் ஏற்புடையதன்று என்று மேலோர் தடுத்தமையால் அப்பெயர் முத்துக்குட்டி என மாற்றப்பட்டது என்று வரலாறு கூறுவர். தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் பெயரைக்கூட அதிகாரம் திருத்தியது. இக்குழந்தையே பின்னாளில் அய்யா வைகுண்டர் என அறியப்பட்டவர்.

1833ஆம் ஆண்டு திருச்செந்தூர்க் கடலில் இறங்கி, மீண்டு, வைகுண்டராக வெளிப்பட்டார் என்பது அய்யாவழி மக்களின் நம்பிக்கை. சமய நம்பிக்கையை ஆராய்வது நம் நோக்கமன்று. அவர் தொடர்ந்து செய்த கற்பித்தல் பணியே நம் கருத்துக்குரியது. அரசு அவரைத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. சிறையினின்று மீண்ட அவர் 1851ஆம் ஆண்டு மறையும் வரை தம் பணியைத் தொடர்ந்தார்.

துவையல் பந்தியும் நிழல் தாங்கலும்

வைகுண்டர் தம்மை நாடி வந்த குடும்பங்களைக் கன்னியாகுமரியை அடுத்த வாகைப்பதிக் கடற்கரைக்கு அனுப்பி ஒரு நோன்பு வாழ்வை மேற்கொள்ளச் செய்தார். எழுநூறு குடும்பத்தினர் அதில் பங்குகொண்டனர் என்பது மரபு. அதற்குத் துவையல் பந்தி என்று பெயர். நாள்தோறும் நீராடுதல், உடுத்த உடையைத் துவைத்தல், ஊன் தவிர்த்த எளிய உணவை ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணுதல், உபதேசம் கேட்டல் ஆகியன அங்கு நடந்தன.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது தூய்மைப் பயிற்சியாக மட்டுமே தோன்றும். ஆழ்ந்து நோக்கினால் இது ஒரு மெய்யியல் வாதம் என்பது புலனாகும். தூய்மையும் தீட்டும் பிறப்பில் உள்ளன என்பது சாதியின் அடிப்படைக் கோட்பாடு. தூய்மை என்பது துவைத்தால் வருவது, நீராடினால் வருவது, எவர்க்கும் வருவது எனக் கடற்கரையில் நின்று மெய்ப்பித்தபோது அக்கோட்பாட்டின் வேர் அறுபட்டது. ஏட்டிலே எழுதி விளக்கியிருந்தால் படிக்கத் தெரியாத அம்மக்களுக்கு அது எட்டியிராது. கையும் காலும் வயிறும் கொண்டு கற்ற பாடம் ஆதலின் அது மறக்கப்படவில்லை.

அடுத்து அவர் ஏற்படுத்தியவை நிழல் தாங்கல்கள். அகத்தீசுவரம், பாலூர், பாம்பன்குளம் முதலிய ஏழு ஊர்களில் அவர் காலத்திலேயே இவை தோன்றின என்பது மரபு. பின்னர் தென்திருவிதாங்கூர், திருநெல்வேலிப் பகுதிகளில் இவை பெருகின. இவை வழிபடும் இடமாகவும், பசித்தவர்க்கு உணவிடும் இடமாகவும், சிறுவர்க்கு எழுத்தறிவிக்கும் பள்ளியாகவும் விளங்கின. சாமித்தோப்பில் அவர் தோண்டச் செய்த முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியினரும் ஒருங்கே நீர் அள்ளினர். கிணறும் பந்தியும் பள்ளியும் ஒரே கருத்தின் மூன்று வடிவங்கள் எனலாம்.

கண்ணாடி கூறும் கருத்து

அய்யாவழிப் பதிகளில் இருவகைக் குறியீடுகள் கருதத்தக்கன. ஒன்று தலைப்பாகை, மற்றொன்று கண்ணாடி.

தலையில் துணி கட்டுதல் உயர்ந்தோர்க்கு உரியது. தாழ்ந்தோர் அதனை அவிழ்த்து இடுப்பிலோ கக்கத்திலோ வைத்துக்கொண்டு நிற்றல் வேண்டும் என்பது அக்காலத்து ஊர் வழக்கம். வைகுண்டரோ, தலைப்பாகை கட்டிக்கொண்டே இறைவன் முன் நிற்கவேண்டும் என்றார். முடிசூடும் பெருமாள் என்ற பெயர் மறுக்கப்பட்டவர், தம்மிடம் வந்த ஒவ்வொருவர் தலையிலும் ஒரு முடியைச் சூட்டினார். இறைவன் முன்னரே நிமிர்ந்து நிற்பவன் மனிதர் முன் குனிய வேண்டுவதில்லை என்பது அதன் உட்பொருள்.

பதிகளின் பள்ளியறையில் விளக்கின் நடுவே ஒரு நிலைக்கண்ணாடி வைக்கப்பட்டிருக்கும். வணங்க வருபவன் அதில் காண்பது தன் உருவத்தையே. கோயிலின் வெளி வீதியிலும் நடக்கத் தடை செய்யப்பட்டிருந்த ஒருவன், கருவறை போன்ற ஓரிடத்தில் தன் முகத்தையே காண்கிறான் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'இறைவன் உன்னுள் உறைகின்றான்' என்னும் கருத்து வேதாந்தத்திலும் சித்தர் மரபிலும் தொன்றுதொட்டு வருவதே. ஆயின் 'உன்னுள்' என்ற சொல்லில் 'நீ' என்பது எவரைக் குறிக்கும் என்ற வினாவிற்கு, பனையேறும் தொழிலாளியையும் குறிக்கும் என்று கண்ணாடி விடை கூறியது. பழைய மெய்யியலைப் புதிய மனிதர்க்கு உரியதாக்கியமை இதன் சிறப்பாகும்.

இவ்விரண்டோடு வரலாற்றுணர்வும் சேர்ந்தது. 1841ஆம் ஆண்டு வைகுண்டரின் சீடர் அரிகோபாலன் வாயிலாக எழுந்தது எனப்படும் அகிலத்திரட்டு அம்மானை, 1939ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேறியது. அது தம் மக்களைச் சான்றோர் எனக் குறிக்கின்றது. அவர்தம் துன்பத்திற்குக் கலியே காரணம் என்கிறது. உள்நாட்டு மன்னனை மட்டுமின்றி வெள்ளையரையும் நீசர் வரிசையில் வைக்கிறது. தரும யுகம் வரும் என்கிறது. புராண மொழியில் அமைந்திருப்பினும் இதன் உட்கிடை தெளிவானது: இழிவு இயற்கையன்று, அது ஒரு காலத்தில் வந்தது, வந்ததனால் ஒரு காலத்தில் போகும். 'என் நிலை என் இயல்பு' என நம்பியவன் 'என் நிலைக்கு ஒரு வரலாறு உண்டு' என அறியும் இடமே விடுதலைக் கல்வி தொடங்கும் இடமாகும்.

ஒத்த தடங்கள்

மருத்துவாழ்மலையின் குகையில் தவமிருந்த நாராயண குரு 1888ஆம் ஆண்டு அருவிப்புறத்தில் சிவலிங்கத்தை நிறுவி, அந்தணர் அல்லாதாரும் இறையுருவை நிறுவலாம் எனக் காட்டினார். 1927ஆம் ஆண்டு சேர்த்தலையை அடுத்த களவங்கோட்டில் அவர் நிறுவியதும் ஒரு கண்ணாடியே. அத்வைதத்தை ஆலுவா ஆசிரமத்தில் ஈழவ இளைஞர்க்கும் பிறர்க்கும் உரிமையாக்கியவர் அவர்.

சென்னையில் அயோத்திதாச பண்டிதர் 1907ஆம் ஆண்டு தொடங்கிய இதழ் முதலில் 'ஒரு பைசாத் தமிழன்' என்றும், மறு ஆண்டு முதல் 'தமிழன்' என்றும் வெளிவந்தது. பறையர் எனத் தாழ்த்தப்பட்டோர் பண்டைப் பௌத்தர்; சாதியை ஏற்க மறுத்தமையால் இழிவுபடுத்தப்பட்டோர் என அவர் வாதிட்டார். அவர்தம் சொல்லாராய்ச்சி முடிவுகள் அனைத்தையும் இன்று ஏற்றல் அரிது. எனினும், 'உன்னை இழித்துக் கூறும் சொல் எங்கிருந்து வந்தது என நீயே தேடு' என வாசகனைத் தூண்டிய முறை போற்றற்குரியது.

இவர்களுக்கெல்லாம் முன்னரே தக்கலையில் வாழ்ந்த மெய்ஞ்ஞானி பீர் முகம்மது அப்பா, நெசவு செய்து வாழ்ந்தவர் என்பது மரபு. இறைமை பற்றிய நுண்கருத்துகளை அறபுச் சொற்களும் தமிழ்ச் சொற்களும் விரவிய எளிய பாக்களில் அவர் பாடிவைத்தார். அவரது ஞானப்புகழ்ச்சி தக்கலையில் ஆண்டுதோறும் இரவு முழுவதும் கூட்டமாக ஓதப்பெறுகின்றது. மெய்யியல் கற்றோர் குழுவுக்கே உரியது என்ற எண்ணத்தை நாஞ்சில் மண் தொன்றுதொட்டே மறுத்து வந்துள்ளது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கடல் கடந்த கண்ணாடி

அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் 1903ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் 'இரட்டை உணர்வு' என்னும் கருத்தை விளக்கினார். தன்னைத் தன் கண்ணால் காணாது, தன்னை இகழ்வாரின் கண்ணாலேயே எப்போதும் காணும் நிலை அது. சிறுவயதில் பள்ளியில் விளையாட்டாக அட்டைகளை மாற்றிக்கொண்டபோது, புதிதாக வந்த ஒரு வெள்ளைச் சிறுமி தம் அட்டையை மட்டும் வாங்க மறுத்ததால் தாம் வேறானவர் என உணர்ந்ததாக அவர் எழுதினார். பிரெஞ்சுத் தீவான மார்த்தினீக்கில் பிறந்த மனநல மருத்துவர் ஃபனோன், 1952ஆம் ஆண்டு வெளியிட்ட 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்னும் நூலில், இழிவு எவ்வாறு உள்ளத்துக்குள் குடிபுகுகிறது என ஆராய்ந்தார். இவர்கள் விளக்கிய நோய்க்கு வாகைப்பதியில் முன்னரே மருந்து தேடப்பட்டது எனக் கூறுதல் மிகையாகாது. இரு நாட்டு நிலைமைகளின் ஒப்புமையை அம்பேத்கர் நன்குணர்ந்திருந்தார். 1946ஆம் ஆண்டு அவர் டுபாய்சுக்கு மடல் எழுதினார்.

கற்பித்தல் முறைக்குச் சிறந்த சான்று 1964ஆம் ஆண்டுக் கோடையில் மிசிசிப்பி மாநிலத்தில் நடந்த விடுதலைப் பள்ளிகள். தேவாலயங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில், ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மாணவர்க்கு அங்குப் பாடம் நடந்தது. பாடத்திட்டம் வினாக்களால் அமைந்திருந்தது. பெரும்பான்மையோர் பண்பாட்டில் நாம் விரும்புவது எது? நாம் வேண்டாதது எது? நம்மிடம் உள்ளவற்றுள் நாம் காத்துக்கொள்ள வேண்டியது எது? விடையை ஆசிரியர் கூறவில்லை. மூன்றாம் வினாவே உயிர்நிலையானது. மேலோர் போல் ஆவதே உயர்வு என எண்ணுவோர்க்கு அவ்வினா தோன்றாது.

மால்கம் எக்ஸ் சிறையின் நூலகத்தில் வரலாறும் மெய்யியலும் பயின்று தம்மைத் தாமே உருவாக்கிக்கொண்டவர். வெள்ளையர் அனைவரையும் பகைவராகக் கருதிய அவர், 1964ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பயணத்தில் பல நிறத்தாரும் ஒன்றாக உண்டு உறங்கி வழிபடக் கண்டு தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். தன் அடையாளத்தை உறுதியாகப் பற்றியவரே அதனைக் கடந்து காணவும் வல்லவரானார் என்பது இதனால் பெறப்படும்.

மறுப்புகளும் விடைகளும்

பசித்தவனுக்கு மெய்யியல் எதற்கு என்பர் சிலர். துவையல் பந்தியில் உணவும் உபதேசமும் சேர்ந்தே பரிமாறப்பட்டன. ஒன்றை விடுத்து மற்றொன்று இல்லை என்பதே அதன் பாடம்.

வகுப்பில் சாதியைப் பற்றிப் பேசினால் சாதியுணர்வு வளருமே என்பர் வேறு சிலர். பேசாமையால் அது அழியவில்லை என்பதற்கு அண்மை நிகழ்ச்சியே சான்று. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் வழியில் உள்ள நாங்குநேரியில், 2023 ஆகத்து மாதம், பட்டியல் சாதியைச் சேர்ந்த பள்ளி மாணவரும் அவர் தங்கையும் உடன் பயின்ற மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 சூன் மாதம் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடுத்தல் அதன் பரிந்துரைகளுள் ஒன்று. கயிற்றை அவிழ்க்கச் சுற்றறிக்கை போதும். அக்கயிற்றைக் கட்டத் தூண்டிய எண்ணத்தை அவிழ்க்க உரையாடல் வேண்டும்.

'எல்லா உயிரும் ஒன்றே' என்று கூறிவிட்டால் போதாதா என்பது மூன்றாவது மறுப்பு. கூறியவர் பலர், கூறிக்கொண்டே கிணற்றுக்கு வேலியிட்டோரும் பலர். கிணற்றைத் திறக்காத ஒருமை வெறும் சொல்லே. சுசீந்திரம் கோயில் வீதிக்காக 1926ஆம் ஆண்டில் அறப்போர் நடத்த வேண்டியிருந்ததும், 1936 நவம்பரில் கோயில் நுழைவு ஆணை வந்த பின்னரே கதவுகள் திறந்ததும் இதனை மெய்ப்பிக்கும்.

இன்றைய வகுப்பறை

நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் பயில்வோருள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் பலர். உதவித்தொகைச் சுற்றறிக்கை வகுப்பில் வாசிக்கப்படும்போது, குறிப்பிட்ட பிரிவினர் எழுந்து நிற்குமாறு சொல்லப்படும் வழக்கம் பல இடங்களில் இருந்துள்ளது. எழுந்து நிற்கும் அந்த அரை நிமிடத்தில் ஒரு மாணவன் கற்பது, ஓராண்டுப் பாடத்தில் அவன் கற்பதைவிட ஆழமாகப் பதிந்துவிடும். அவனுக்கு உரிமையான தொகை அவனுக்கு இரங்கி அளிக்கப்படுவது போன்ற தோற்றம் அங்கு உண்டாகிறது. உரிமை, இரக்கம் என்னும் இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அவ்வகுப்பு முழுவதற்கும் விளக்குவதே அன்றைக்குரிய மெய்யியல் பாடமாகும்.

இதற்கெனத் தனித்துறை தேவையில்லை. தமிழ் வகுப்பே போதும். திருக்குறளில் பிறப்பும் ஒழுக்கமும் பற்றி வள்ளுவர் கூறுவனவற்றை ஒப்பிடச் செய்யலாம். சித்தர் பாடல்களை மனப்பாடப் பகுதியாக விடாது வாதமாக ஆராயச் செய்யலாம். 'குலம்', 'சாதி', 'இனம்', 'தீட்டு' முதலிய சொற்களின் வரலாற்றைத் தேடச் செய்யலாம். தத்தம் ஊர்ப் பதி, தாங்கல், பள்ளிவாசல், தேவாலயம், பொதுக்கிணறு ஆகியவற்றின் வரலாற்றை முதியோரிடம் கேட்டு எழுதச் செய்யலாம். மாணவர் எவரையும் தம் சாதியை வெளிப்படுத்தக் கட்டாயப்படுத்தலாகாது என்பது இதில் தவறாது காக்க வேண்டிய நெறியாகும்.

இப்பாடம் தாழ்த்தப்பட்டோர்க்கு மட்டும் உரியதன்று. ஒருகாலத்தில் இழிவுக்கு ஆளாகிக் கல்வியாலும் உழைப்பாலும் உயர்ந்த ஒவ்வொரு சமூகமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. நாம் பெற்ற நிமிர்வை நமக்குக் கீழே நிறுத்தப்பட்டோர்க்கும் வழங்கினோமா? நம் முன்னோர் அரசாண்டனர் என நிலைநாட்டுவதோடு அடையாளத் தேடல் நின்றுவிடுமாயின், ஏணியின் படி மாறுமேயன்றி ஏணி மாறாது. வைகுண்டர் வைத்த கண்ணாடியின் முன் எவர் நின்றாலும் அது அவர் முகத்தையே காட்டும். இன்னார் நிற்கலாம், இன்னார் நிற்கலாகாது என அது கூறுவதில்லை.

முடிவுரை

பிறப்பால் இழிவு சுமத்தப்பட்ட இளைஞர்க்கு மெய்யியல் கற்பித்தல் என்பது, தம்மைப் பற்றிப் பிறர் கூறும் விடைகளை ஆராயும் ஆற்றலை அவர்க்கு அளித்தலாகும். நாஞ்சில் நாட்டின் துவையல் பந்தியும் நிழல் தாங்கலும், நாராயண குருவின் ஆசிரமமும், அயோத்திதாசரின் இதழும், மிசிசிப்பியின் விடுதலைப் பள்ளிகளும் காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்டன. ஆயினும் இழிவு இயற்கையன்று என உணர்த்தியமையிலும், கருத்தைச் செயலோடு இணைத்தமையிலும், கற்பவரையே விடை காணச் செய்தமையிலும் அவை ஒன்றுபடுகின்றன. இம்மூன்றையும் நம் வகுப்பறைகளில் கைக்கொள்ளத் தமிழ்த்துறைகள் முன்வருதல் வேண்டும். சாமித்தோப்பும் தக்கலையும் மருத்துவாழ்மலையும் ஒரு நாள் பயணத்தில் சென்று காணத்தக்க தொலைவிலேயே உள்ளன. மாணவரை அங்கு அழைத்துச் சென்று, கண்டவற்றைப் பற்றி வினா எழுப்பச் செய்வது அதற்கு நல்ல தொடக்கமாக அமையும்.